இல்லாத கதவுக்குக் கையெழுத்து போடலாமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக

சேலம் மெய்யனூர் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 63. மறைந்த கணவர் 1997-ல் கட்டிய கட்டடம். கீழ்த்தளமும் மேலே மூன்று மாடிகளும், மாடிக்குச் சுமார் 2,000 சதுர அடி, மொத்த உயரம் 13 மீட்டர். கட்டியபோது கீழே கடை, மேலே குடும்பங்கள். இப்போது கீழே ஒரு ரெடிமேட் துணிக்கடையும் ஒரு மெஸ்ஸும் இருக்கின்றன. முதல் மாடியில் ட்யூஷன் சென்டர், மாலையில் 70 பிள்ளைகள் வருகிறார்கள். அதற்கு மேல் இரண்டு மாடியும் பெண்கள் விடுதி, 46 பேர். மொட்டை மாடியில் வெயிலுக்கென்று போட்ட கீற்றுக் கொட்டகை. படிக்கட்டு ஒன்றுதான், நாலடி அகலம். 2012-ல் ஒரு சின்ன லிஃப்ட் வைத்திருக்கிறார்கள்.

விடுதி நடத்துபவர் உரிமத்துக்காகத் தீயணைப்புத் துறையின் சான்று வாங்க வேண்டும். அதற்கு உரிமையாளர் கையெழுத்துடன் ஃபயர் ட்ராயிங் (கட்டடத்தின் தீப் பாதுகாப்பு வரைபடம்) கேட்டிருக்கிறார். ட்ராயிங் போடும் ஒருவர், "நேரில் வரத் தேவையில்லை, பழைய ப்ளானை வாட்ஸப்பில் அனுப்புங்கள், 8,000 ரூபாய்" என்று இரண்டே நாளில் போட்டு அனுப்பிவிட்டார். பார்த்தால் பின்சுவரில் 'அவசர வழி' என்று ஒரு கதவு இருக்கிறது. அப்படி ஒரு கதவே கட்டடத்தில் கிடையாது. மாடியில் இருக்கிற கொட்டகை ட்ராயிங்கில் இல்லை. "ஃபைலுக்குத்தானே அக்கா, போட்டுக் கொடுத்துடு" என்கிறார் தம்பி. வாடகைதான் இவருக்கு முக்கிய வருமானம். உண்மையைப் போட்டால் விடுதியை மூடச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். உயரம் குறைந்த கட்டடத்துக்கு இதெல்லாம் எதற்கு, வாடகைக்கு விட்ட பிறகு பொறுப்பு அவர்களுடையதுதானே, லிஃப்டை இரண்டாவது வழியாகக் காட்டலாமா என்றும் கேட்கிறார். கடைசி வரியில், ஏற்காட்டில் தம்பி நடத்தும் ஆறு அறை காட்டேஜுக்கும் இப்படி ஏதாவது வேண்டுமா என்று ஒரு கேள்வி.

பதில்

டீச்சர், வணக்கம்.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து போடாதீர்கள். போட்டுக் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.

நானும் ஒரு காலத்தில் அந்த ட்ராயிங்காரர் செய்ததைச் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், செவ்வாய்ப்பேட்டையில் மாடியில் கொலுசுப் பட்டறை நடந்த ஒரு கட்டடத்துக்குப் பழைய ப்ளானை வைத்தே வரைந்தேன். ப்ளானில் பின்பக்கம் ஒரு கதவு இருந்தது, நானும் அம்புக்குறி போட்டு 'வெளியேறும் வழி' என்று எழுதினேன். ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது பார்த்தால் அந்தக் கதவு இருந்த இடத்தில் செங்கல் சுவர். அதை ஒட்டி வரிசையாகக் கேஸ் சிலிண்டர்கள், ஊதுகுழல் குழாய்கள். நான் காட்டிய வழியில் ஒருவர் ஓடியிருந்தால் நேராகச் சிலிண்டரிடம்தான் போய் நின்றிருப்பார். அன்றிலிருந்து டேப் பிடிக்காமல் நான் ஒரு கோடு போடுவதில்லை.

ஃபயர் ட்ராயிங் என்பது கட்டடம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லும் தாள். எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அதில் காட்டலாம். ஆனால் 'செய்யவிருப்பது' என்று தனி நிறத்தில், தனிக் குறிப்போடு காட்ட வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் அது பொய் ஆவணம். ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற தீயணைப்பு வீரர் அந்தத் தாளை நம்பிப் பின்பக்கம் ஓடி, சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். அவர் இழக்கும் அந்த ஐந்து நிமிடம் மாடியில் இருக்கிற பெண்களுடையது.

உயரம் குறைவு என்பது பாதி உண்மை

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். உங்களுடையது 13 மீட்டர். ஆகவே உயர்மாடிக் கட்டடத்துக்குக் கேட்கும் பெரிய பட்டியல் உங்களுக்குப் பொருந்தாது என்பது சரி. ஆனால் தீ விஷயத்தில் உயரம் ஒரு அளவுகோல், பயன்பாடு இன்னொன்று. உள்ளே தூங்குகிறார்களா, விழித்திருக்கிறார்களா? வழி தெரிந்தவர்களா, புதிதாக வந்தவர்களா? எத்தனை பேர்? இவைதான் ஆபத்தைத் தீர்மானிக்கின்றன. பெண்கள் விடுதிக்குத் தனிச் சட்டமே இருக்கிறது, 2014-ல் வந்தது. உரிமம் கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். அதற்கான ஆவணங்களில் தீயணைப்புத் துறைச் சான்றும் ஒன்று. விடுதி நடத்துபவர் கேட்பது நியாயமான தாளைத்தான்.

2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். அதிகாலை நேரம், எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள். பதினெட்டு மீட்டர் கணக்கு அங்கே யாருக்கும் உதவவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1997-ல் உங்கள் கணவர் கட்டியது தவறான கட்டடம் இல்லை. தேசியக் கட்டட விதித் தொகுப்பின்படி குடும்பங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் படியின் அகலம் ஒரு மீட்டர் இருந்தால் போதும், அவர் 1.2 மீட்டர் விட்டிருக்கிறார். பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கும் விடுதி போன்ற இடங்களுக்கும் அந்த அளவு 1.5 மீட்டர். கட்டடம் மாறவில்லை, உள்ளே நடப்பது மாறிவிட்டது. பயன்பாட்டை மாற்றியதற்கு உள்ளூர்த் திட்டக் குழுமத்திலோ மாநகராட்சியிலோ அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று பழைய ஃபைலைப் பாருங்கள். இல்லையென்றால் அதையும் இந்த வேலையோடு சேர்த்தே செய்துவிடுவது நல்லது. விதித் தொகுப்பு தானாகவே சட்டம் ஆகிவிடாது. மாநில விதிகளும் துறைகளும் அதைச் சுட்டும்போதுதான் அது கட்டுப்படுத்தும். ஆனாலும் சோதனைக்கு வருகிற அதிகாரி மனதில் வைத்திருப்பது அந்த எண்களைத்தான்.

வரைவதற்கு முன் ஒரு நடை

ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன் ஒரு டேப், ஒரு நோட்டு, உதவிக்கு ஒரு ஆள். மொட்டை மாடியிலிருந்து ஆரம்பித்துக் கீழே இறங்குங்கள். ஏன் மேலிருந்து என்றால், தீ வந்தால் மக்கள் வரும் திசை அதுதான். அந்தத் திசையில் நடந்தால்தான் எது இடிக்கிறது என்று தெரியும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "படிக்கு அடியில் மீட்டர் பெட்டி, அங்கேயே விடுதிப் பெண்கள் ஸ்கூட்டி நிறுத்துவார்கள்." டீச்சர், கடிதம் முழுவதிலும் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த வரிதான். மின்கசிவு தொடங்க வாய்ப்புள்ள இடம், பெட்ரோல் நிற்கிற இடம், எல்லோரும் வெளியே வருகிற ஒரே இடம், மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. அங்கே தீப்பிடித்தால் புகை எங்கே போகும்? சூடான புகை மேலே ஏறும், படிக்கட்டுக் கிணறு அதற்குப் புகைபோக்கி மாதிரி. கீழே தீ பிடித்த சில நிமிடத்தில் மூன்றாவது மாடி வராந்தா கறுத்துவிடும். தீ விபத்துகளில் சுடர் தொட்டு இறப்பவர்களைவிடப் புகையில் மூச்சு முட்டி இறப்பவர்கள்தான் அதிகம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

சரி, எண்களுக்கு வருவோம். படி வழியே இறங்குவதற்கு ஆளுக்கு 10 மில்லிமீட்டர் அகலம் என்பது விதித் தொகுப்பின் கணக்கு. 1,200 மில்லிமீட்டர் என்றால் 120 பேர். ஆள் கணக்கு காகிதத்தில் தேறிவிடும். ஆனால் படியின் அடியில் ஒரு ஸ்கூட்டி ஹேண்டில்பாரோடு இரண்டடி இடத்தை அடைத்தால் மிச்சம் 600 மில்லிமீட்டர், அதாவது 60 பேர். மாலை ஆறு மணிக்கு ட்யூஷனில் மட்டுமே 70 பிள்ளைகள். பழைய ப்ளானை வாட்ஸப்பில் பார்த்து வரைகிறவருக்கு அந்த ஸ்கூட்டி எப்படித் தெரியும்?

ஆட்களை எண்ணுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தரைப் பரப்பை வைத்து ஆள் கணக்குப் போட அட்டவணை உண்டு. தங்குமிடத்துக்கு ஆளுக்கு 12.5 சதுர மீட்டர், கல்விக்கு 4, தெரு மட்டத்துக் கடைக்கு 3. உங்கள் ஒரு மாடி 186 சதுர மீட்டர். அட்டவணைப்படி விடுதி மாடி ஒன்றில் 15 பேர், ட்யூஷனில் 46 பேர்தான் வரும். உண்மையில் இருப்பது 23 பேரும் 70 பேரும். அட்டவணை என்பது குறைந்தபட்சக் கணக்கு. உண்மையான எண்ணிக்கை அதைவிட அதிகம் என்றால் அதைத்தான் போட வேண்டும். உங்களுக்கு வந்த ட்ராயிங்கில் 15 என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அட்டவணையைப் பார்த்துப் பரீட்சை எழுதியிருக்கிறார், விடை சரி, கேள்விதான் வேறு.

தூரத்தை அளக்கும்போது சுவரைத் துளைத்து நேர்கோடு போடக் கூடாது. கடைசிக் கட்டிலிலிருந்து கட்டில்களைச் சுற்றி, பீரோவைத் தாண்டி, கதவு வழியாகப் படி வரைக்கும் கால் நடக்கிற வழியில் டேப் போக வேண்டும். கான்கிரீட் கட்டடத்தில் இது 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் மாடியின் அளவுக்கு இது கட்டாயம் தேறிவிடும், ஒரு கவலை குறைந்தது.

அப்புறம் மெஸ். வணிகப் பயன்பாட்டுச் சிலிண்டரில் 19 கிலோ கேஸ். உரிமம் இல்லாமல் ஓர் இடத்தில் மொத்தமாக 100 கிலோ வரைதான் வைக்கலாம். ஐந்து சிலிண்டர் என்றால் 95 கிலோ, ஆறாவது வந்தால் 114. ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணிக்கென்று கூடுதலாக வாங்கிப் படிக்குப் பின்னால் வைத்திருக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணும்போதே அவை வெளிக்காற்று படும் இடத்தில் இருக்கின்றனவா, பக்கத்தில் சாக்கடைக் குழியோ பள்ளமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும்.

மாடிக் கொட்டகையைப் பற்றி நீங்கள் எனக்கு விளக்க வேண்டியதில்லை, நான் உங்களுக்கு விளக்க வேண்டியதும் இல்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம், 94 பிள்ளைகள். அப்போது நீங்கள் வேலையில் இருந்திருப்பீர்கள். அடுத்த வாரமே பள்ளிக்கூடங்களில் கீற்றைப் பிரித்தது நினைவிருக்கும். அதே கீற்று உங்கள் மொட்டை மாடியில் 46 பெண்களுக்கு மேல் நிற்கிறது. ட்ராயிங்கில் அதை மறைக்க வேண்டாம், பிரித்துவிடுங்கள். சேலத்து வெயிலுக்கு வேறு வழி உண்டு. வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாலே கீழறையில் சூடு குறையும்.

பூட்டு

விடுதியில் இரவு பத்து மணிக்குக் கீழே கொலாப்சிபிள் கேட்டைப் பூட்டிச் சாவியை வார்டன் தன் அறையில் வைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். மொட்டை மாடிக் கதவுக்கும் பூட்டு. ஜன்னல்களில் நிலையான கிரில். மூன்றுக்கும் காரணம் பெண்களின் பாதுகாப்பு. பெற்றோர் தர்மபுரியிலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது முதலில் கேட்பது 'நைட்ல கேட் பூட்டுவீங்களா' என்பதுதான். அந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆனால் திருடனைத் தடுக்கும் பூட்டும் புகையிலிருந்து ஓடுகிறவரைத் தடுக்கும் பூட்டும் ஒரே பூட்டாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும், உள்ளிருந்து கம்பியைத் தள்ளினாலே திறக்கும் என்கிற மாதிரிக் கதவுப் பூட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. திறந்தால் வார்டன் அறையில் மணி அடிக்கிற மாதிரி வைத்துவிட்டால் பெற்றோர் கேட்டதும் நிறைவேறும். கொலாப்சிபிள் கேட்டுக்குப் பதில் அங்கே ஒரு கதவு போட வேண்டியிருக்கும். ஜன்னல் கிரில்லில் ஒவ்வொரு அறைக்கும் ஒன்றாவது உள்ளிருந்து கொண்டி தூக்கினால் திறக்கும்படி வெட்டி மாட்டச் சொல்லுங்கள். கொண்டிக்குப் பூட்டு போடக் கூடாது. இதெல்லாம் ஒரு வெல்டர் மூன்று நாளில் முடித்துவிடுகிற வேலை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ட்ராயிங்குக்கு முன்னால் இதைத்தான் செய்வேன்.

லிஃப்ட், இரண்டாவது படி

லிஃப்டை வெளியேறும் வழியாக எந்த ட்ராயிங்கிலும் காட்டக் கூடாது. 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது லிஃப்டுக்குள் சிக்கிய ஆறு பேர் இறந்தார்கள். மின்சாரம் போனால் அது நடு வழியில் நிற்கும், லிஃப்ட் குழியும் படிக்கட்டுக் கிணறு போலவே புகையை இழுக்கும். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவுப் பக்கத்தில் 'தீ பிடித்தால் பயன்படுத்தாதீர்கள், படியில் இறங்குங்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது படி கட்டாயமா? கல்வி போன்ற பயன்பாடுகளில் ஒரு தளத்தின் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, கட்டடம் 15 மீட்டர் உயரத்தை எட்டினாலோதான் விதித் தொகுப்பு இரண்டு படி கேட்கிறது. உங்களுக்கு இரண்டும் இல்லை. ஆகவே ஒரு படியோடு நிற்கலாம் என்று வாதாட இடம் இருக்கிறது. என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், கீழே துணிக்கடையும் அடுப்பும் வைத்துக்கொண்டு மேலே 46 பேரைத் தூங்க வைக்கும் கட்டடத்துக்கு ஒரு வழி போதாது.

உங்கள் தம்பி சொன்ன சுழல் படி வேண்டாம். ஒன்பது மீட்டர் உயரத்துக்கு மேல் அதை ஏற்க மாட்டார்கள், பயத்தில் ஓடுகிற இருபது பேர் அதில் இறங்கவும் முடியாது. வெளிப்புற இரும்புப் படி என்றால் நேர்ப்படியாக, 1.25 மீட்டர் அகலத்தில், கால் வைக்கும் மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஒவ்வொரு படியின் ஏற்றம் 190 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருக்க வேண்டும். சாய்வு 45 பாகைக்கு மேல் போகக் கூடாது. இப்போது உங்கள் மனைக்கு வாருங்கள். பக்கவாட்டில் ஐந்தடி சந்துதான் இருக்கிறது என்கிறீர்கள். அதில் நாலடிக்குச் சற்று அதிகமான படி வைத்தால் சந்து அடைபட்டுப்போகும், பக்க இடைவெளி விதியும் இடிக்கும். பின்பக்கம் எட்டடி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் பார்க்க வேண்டும். இதை நான் இங்கிருந்து தீர்மானிக்க முடியாது, நேரில் அளக்கும் பொறியாளர் பார்க்க வேண்டும்.

அதுவரைக்கும், அது முடியாமலே போனாலும், இருக்கிற ஒரு படியைக் காப்பாற்றலாம். ஒவ்வொரு மாடியிலும் படிக்கும் வராந்தாவுக்கும் நடுவே தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு, படியின் உச்சியில் புகை வெளியேற நிலையான திறப்பு, மீட்டர் பெட்டியைச் சுற்றிச் செங்கல் அடைப்பு, ஸ்கூட்டிகள் எல்லாம் வெளியே. பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடி இரண்டடிதான் தாழ்வு என்றால், அவரோடு பேசி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, கைப்பிடிச் சுவரில் ஒரு சின்னக் கதவும் இரண்டு படியும் வைத்துக்கொள்ளலாம். இது இரண்டாவது படிக்கு மாற்று ஆகாது. ஆனால் கீழே புகை நிற்கும்போது மேலே ஏறியவர்களுக்குப் போக ஒரு இடம் கிடைக்கும். அதற்காகவே மாடிக் கதவுப் பூட்டு போக வேண்டும்.

என்னென்ன வரைய வேண்டும்

இது ட்ராயிங்காரருக்குத் தெரிந்த சங்கதி, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மனை வரைபடத்தில் தெருவின் உண்மையான அகலம், வண்டி எங்கே வந்து நிற்க முடியும், டிரான்ஸ்ஃபார்மரும் மேலே போகும் கம்பிகளும், சம்ப் எங்கே, அதில் எத்தனை லிட்டர். பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் 1:100 அளவில் தனித் தாள். அதில் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கிரில் திறக்குமா, மெயின் சுவிட்ச், சிலிண்டர் அறை, தீயணைப்பான்கள், புகை உணரிகள், இன்வெர்ட்டரில் எரியும் அவசர விளக்குகள், நடக்கும் தூரம், ஆள் கணக்கு. அப்புறம் படி வழியாக வெட்டிக் காட்டும் குறுக்குவெட்டு ஒன்று. பலர் விட்டுவிடுவது இதைத்தான், ஆனால் புகை எப்படி ஏறும் என்று சொல்வது அந்தத் தாள் ஒன்றுதான். குறியீடுகளுக்கு விளக்கம், வடக்குத் திசை, வரைந்த தேதி, அளந்தவர் பெயர், பதிவு எண்.

தீயணைப்பான் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று துணிக்கடைக்காரர் சொன்னாராம். எந்த இடத்திலிருந்து நடந்தாலும் 15 மீட்டருக்குள் ஒன்று இருக்க வேண்டும், ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும், வருடா வருடம் சோதித்துச் சீட்டு ஒட்ட வேண்டும். கடைக்கும் விடுதிக்கும் ஏபிசி பவுடர் வகை, மீட்டர் பெட்டி அருகே கார்பன் டை ஆக்சைடு வகை. ஆனால் அது தொடங்கிய தீயை ஒரு நிமிடத்துக்குள் அமர்த்தத்தான். பெண்களில் நாலு பேருக்காவது ஊசியைப் பிடுங்கி அடிக்கக் கற்றுக்கொடுக்காவிட்டால் அது சுவர் அலங்காரம்.

மாடிக்கு ஒன்றாகச் சுவரில் மாட்டும் படம் வேறு. அதில் அளவுகள் எதுவும் வேண்டாம். 'நீங்கள் இருக்கும் இடம்', படிக்குப் போகும் வழி, கீழே கூட வேண்டிய இடம், தீயணைப்புக்கு 101, அவசர உதவிக்கு 112. அவ்வளவுதான். பார்ப்பவர் நிற்கிற திசைக்கு ஏற்ப அந்தப் படத்தைத் திருப்பி வரைய வேண்டும். அவருக்கு இடப்பக்கம் இருக்கிற படி படத்திலும் இடப்பக்கமே இருக்க வேண்டும். ஒரே தாளை ஜெராக்ஸ் எடுத்து எதிரெதிர்ச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள், அதில் பாதிப் பேர் தப்பான பக்கம் ஓடுவார்கள்.

யார் பொறுப்பு

வாடகைக்கு விட்டுவிட்டால் கைகழுவலாம் என்ற நம்பிக்கை சேலத்தில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இருக்கிறது. படி, மீட்டர் பெட்டி, மொட்டை மாடி, கட்டடத்தின் கதவுகள் பொதுப் பகுதி, அவை உங்கள் கையில். சிலிண்டர், கட்டில், துணி மூட்டை வாடகைக்கு இருப்பவர்கள் கையில். அலட்சியத்தால் உயிர் போனால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. யாருடைய அலட்சியம் என்று விசாரிக்கும்போது, இல்லாத கதவைக் காட்டிய தாளில் உங்கள் கையெழுத்து இருந்தால் அதுவே பதிலாகிவிடும். காப்பீடும் அப்படித்தான். பாலிசியில் 'குடியிருப்பு' என்று எழுதியிருந்து உள்ளே விடுதியும் மெஸ்ஸும் நடந்தால், கோரிக்கையை மறுக்க அந்த ஒரு காரணம் போதும். பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

வாடகை ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும்போது மூன்று விஷயம் சேருங்கள்: எத்தனை பேர் வரை, எத்தனை சிலிண்டர் வரை, படியில் எதுவும் வைக்கக் கூடாது. வக்கீலிடம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூடச் சொல்லிவிட்டால்?

இந்தப் பயம் நியாயமானது. உள்ளதைக் காட்டினால் குறை எழுதுவார்கள், அது நிச்சயம். ஆனால் குறைகளோடு கூடவே 'செய்யவிருப்பது' என்று ஒரு தாளும், பூட்டு, கிரில், கொட்டகை, ஸ்கூட்டி நாலும் சரிசெய்யப்பட்ட புகைப்படங்களும், படிக் கதவுகளுக்குக் கொடுத்த ஆர்டரின் நகலும் சேர்த்துக் கொடுத்தால் பேச்சின் தொனியே மாறும். என் அனுபவத்தில் அதிகாரிகள் கால அவகாசம் கொடுப்பது இப்படி வருகிறவர்களுக்குத்தான்.

மாற்று வழிகளையும் யோசியுங்கள். மூன்றாவது மாடியில் மட்டுமாவது விடுதியை எடுத்துவிட்டு இரண்டு குடும்பங்களுக்கு விடலாம், வாடகை குறையும், தலைவலியும் குறையும். ட்யூஷன் சென்டரை இரண்டு ஷிஃப்டாக 35 பேராக்கச் சொல்லலாம். மெஸ்ஸை எடுத்துவிட்டு அதே இடத்தை ஸ்டேஷனரிக் கடைக்கு விட்டால் கட்டடத்தின் பெரிய அடுப்பே போய்விடும். மூன்றில் என்னைக் கேட்டால் மெஸ். விடுதிப் பெண்கள் வருத்தப்படுவார்கள்தான்.

எதுவும் செய்யாமல் ஒரு வருடம் தள்ளிப்போடுவது என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படித் தள்ளிப்போட்டாலும் கேட்டின் பூட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஏற்காட்டுக் காட்டேஜ்

ஆறு அறை என்றாலும் உள்ளே தூங்குகிறவர்கள் ஊருக்குப் புதியவர்கள், அதனால் சுவர்ப் படம் கட்டாயம் வேண்டும். மலையில் இரண்டு விஷயம் வேறு. சரிவில் கட்டிய வீட்டில் மேல்தளமே பின்பக்கம் மண்ணோடு சேர்ந்திருக்கும், அங்கே ஒரு கதவு வைத்தால் அதுவே இரண்டாவது வழி. குறுக்குவெட்டு வரைந்தால்தான் அது தெரியும். இரண்டாவது, கீழிருந்து கூடுதல் வண்டி வரவேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். அதனால் நீர்த்தொட்டி நிறைந்திருக்க வேண்டும், அதிலிருந்து குழாய் மாட்டி இழுக்கிற வசதி வேண்டும். குளிருக்கு அறைக்குள் கரி மூட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். புதிதாக ஏதாவது கட்டுவதாக இருந்தால் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும விதிகளையும் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாக அந்த 8,000 ரூபாய். பாதி முன்பணம் கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். சண்டை போட வேண்டாம். அவரைக் கூப்பிட்டு, "தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டேப்போடு வாங்க, மொட்டை மாடியிலிருந்து ஆரம்பிக்கலாம், கூடக் காசு ஆனாலும் பரவாயில்லை" என்று சொல்லுங்கள். வந்தால் வேலை அவருக்கே இருக்கட்டும், பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரின் கையெழுத்தும் கூடவே வேண்டும் என்று கேளுங்கள். வரவில்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.